முதல் தலைமுறை எங்கே தொழில் கற்பது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொழிலும் வணிகமும் பற்றி ஆண்டுக்கொரு முறை ஒருவரை அழைத்துப் பேசவைத்து, அந்தப் பேச்சை அச்சிட்டு மாணவர்களுக்கு வழங்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு இது. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் கழிந்தது. தொழில் தொடங்க வந்தவர்களின் விண்ணப்பங்களைப் படிப்பதும், அவர்களுடைய பட்டறைக்கும் கடைக்கும் நேரில் போய்ப் பார்ப்பதும் என் வேலை. அந்த வேலையில் எனக்குள் எழுந்து இன்றுவரை அடங்காத ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

தொழில் நடத்தும் வீட்டில் பிறந்த பிள்ளை பத்து வயதுக்குள் நிறையச் செய்திகளைக் காதில் வாங்கிவிடுகிறது. பாக்கியை இழுத்தடிப்பவர் யார், எந்த மாதம் சரக்கு தேங்கும், எந்தத் தரகர் பேச்சை நம்பலாம், கூலி போடும் சனிக்கிழமையன்று கையில் எவ்வளவு ரொக்கம் இருந்தாக வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டு வேளையில் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வார்கள். யாரும் அதைப் பாடம் என்று சொல்வதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதாகும்போது அந்தப் பேச்சே அதற்கு முதலாகி நிற்கிறது. விவசாயக் கூலியின் மகளுக்கும், பள்ளி ஆசிரியரின் மகனுக்கும், அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பேச்சு கிடைப்பதில்லை. அவர்கள் நூல்களையும் வகுப்புகளையும் காணொளிகளையும் நாடுகிறார்கள். இன்று அவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த பலரிடம் ஊக்கம் இருந்தது, பயிற்சிச் சான்றிதழ் இருந்தது, அந்தச் சாப்பாட்டு வேளைப் பேச்சு மட்டும் இல்லை.

தொழிற்குடும்பம் தன் பிள்ளைக்குத் தருவதை, அப்படியொரு குடும்பம் வாய்க்காதவருக்கு நாம் எல்லோரும் சேர்ந்து எப்படித் தருவது? இதுதான் என் கேள்வி. விடை தேடுவதற்கு முன், குடும்பம் தருவது என்ன என்பதை முதலில் கூர்ந்து பார்க்க வேண்டும்.

பெட்டியடிப் பள்ளி

தமிழகத்தில் தொழிற்கல்வியை ஓர் ஒழுங்கான முறையாகவே நடத்தியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று கடல் கடந்து வட்டிக்கடை வைத்தவர்கள். 1930-ஐ ஒட்டிய காலத்தில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 கடைகள் அவர்களுக்கு இருந்தன. அத்தனை கடைகளுக்கும் ஆள் எங்கிருந்து வந்தார்கள்? எந்தக் கல்லூரியிலிருந்தும் வரவில்லை. கடையே கல்லூரியாக இருந்தது.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்த பையன், பதின்ம வயதில் கடைக்கு அனுப்பப்படுவான். அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். கணக்குப் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து பணத்தை எண்ணுவதும், கடிதங்களைப் படியெடுப்பதும், வருகிறவர் போகிறவரைக் கவனிப்பதும், எடுபிடி வேலை செய்வதும் அவன் பொறுப்பு. அடுத்த படி அடுத்தாள். அவர் கணக்கு எழுதலாம், வசூலுக்குப் போகலாம், சிறு கடன்களைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம். அதற்கும் மேலே கடையை நடத்தும் மேலாள். மேலாளின் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே வீட்டில் கொடுக்கப்பட்டுவிடும். தவணை முடிந்ததும் கணக்கை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். லாபம் வந்திருந்தால் அவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பையன் என்ன கற்றான் என்று பாருங்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று என்று பின்னங்களை மனத்துக்குள்ளேயே பெருக்கி வட்டி சொல்லக் கற்றான். அன்றாடம் நடப்பதைக் குறிப்பில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டக் கற்றான். ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி விகிதத்தை முடிவு செய்வார்கள். அந்த விகிதம் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று மூத்தவர்கள் பேசுவதைக் கேட்டு, பணச் சந்தையின் போக்கைக் கற்றான். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கணக்கை இன்னொருவர் வரிவரியாகப் பார்ப்பார் என்று தெரிந்தே வேலை செய்யக் கற்றான்.

இந்தக் கல்வியின் உயிர்நிலை மூன்று. பொறுப்பு சிறிதாகத் தொடங்கி, தாங்கத் தாங்க வளர்ந்தது. எடுத்த ஒவ்வொரு முடிவும் கணக்கில் ஏறியது. அந்தக் கணக்கை அனுபவம் உள்ளவர் ஒருவர் பார்த்துத் திருத்தினார். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் இவற்றையே சுற்றி வரும்.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பள்ளியில் சேரப் பிறப்பே தகுதி. வேறு சாதியாருக்கு அங்கே இடமில்லை. சொந்தச் சாதிப் பெண்களுக்கும் பெட்டியடி கிடையாது. எவ்வளவு சிறந்த பள்ளியாக இருந்தாலும் வாசல் இவ்வளவு குறுகலாக இருந்தால் அது ஊருக்குப் பள்ளி ஆகாது.

வெளியே போய்க் கற்றவர்கள்

குடும்பத்தில் இல்லாத தொழிலை வெளியே போய்க் கற்றுவந்தவர்களும் நம்மிடையே உண்டு. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலை அங்கே சில மாதங்கள் தங்கிக் கற்றார்கள். ஊர் திரும்பி, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துத் தொழில் தொடங்கினார்கள். ஆனால் வானம் பார்த்த சிவகாசிச் சீமையில் வேலைக்கு ஏங்கிய கைகள் ஏராளம். இயந்திரத்தைவிடக் கைவேலைக்கே கணக்கு சரிப்பட்டு வந்தது. கற்றுவந்ததை அப்படியே நடத்தாமல், ஊருக்கு ஏற்ப மாற்றினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சுத் தொழில் வளர்ந்தது. தீக்குச்சி மருந்தின் பழக்கத்தோடு பட்டாசும் வந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட மூன்று தொழில்கள் அந்தக் கல்கத்தாப் பயணத்தோடு தொடர்புடையவை. அந்தத் தொழில்களில் குழந்தைகளின் உழைப்பும் விபத்துகளும் கலந்திருந்ததை நாம் மறைக்கக் கூடாது. தொழில் கற்பவர் அந்தப் பக்கத்தையும் கற்க வேண்டும்.

திருப்பூரைப் பாருங்கள். பனியன் கம்பெனிகளில் கூலிக்கு வந்து சேர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதைச் சரத் சாரி என்ற ஆய்வாளர் ‘ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்’ என்ற நூலில் (2004) விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அங்கே ஒரு சட்டை ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. பெரும்பகுதி ஜாப் ஒர்க். ஒவ்வொரு வேலையிலும் கொஞ்ச காலம் இருந்தவருக்கு, ஒரு பீசுக்கு எங்கே எவ்வளவு செலவாகிறது, எங்கே துணி வீணாகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு தையல் இயந்திரத்தோடு தனியாக நிற்கலாம். பெரிய முதல் தேவையில்லை. தொழில் இப்படிப் படிப்படியாகப் பிரிந்து கிடப்பதே அங்கே கற்பவருக்கு ஏணி.

ஆனால் இந்த ஏணியிலும் ஏறியவர்களில் மிகப் பலர் ஒரே சமூகத்து ஆண்கள். கடன் கொடுத்தவரும், கூட்டுச் சேர்ந்தவரும், முதல் ஆர்டர் தந்தவரும் உறவுக்காரர்களே. அதே பவர் டேபிளில் அதே திறமையோடு தைத்த பெண்களில் எத்தனை பேர் முதலாளி ஆனார்கள் என்று கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கும்.

வகுப்பறையில் கற்பிக்க முடியுமா?

பிறப்பும் உறவும் இல்லாதவருக்கு வகுப்பறை உதவுமா? இந்தக் கேள்விக்கு உலகின் முதல் பெரிய சோதனைகளில் ஒன்று நமக்கு அருகில் காக்கிநாடாவில் நடந்தது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1961-இல் ‘தி அச்சீவிங் சொசைட்டி’ என்ற நூலை எழுதியவர். சாதிக்க வேண்டும் என்ற உந்துதலைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்பது அவர் எண்ணம். ஐதராபாதில் 1962 முதல் இயங்கிய சிறுதொழில் பயிற்சி நிறுவனமான சியட்டோடு சேர்ந்து, 1964-இல் காக்கிநாடாவின் சிறு வணிகர்களுக்குச் சில நாள் பயிற்சி நடத்தினார்.

அந்த வகைப் பயிற்சிகளில் வளையம் எறியும் விளையாட்டு ஒன்று உண்டு. தரையில் ஒரு முளை நிற்கும். எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பது எறிபவரின் விருப்பம். சிலர் முளைக்குப் பக்கத்திலேயே நின்று போடுவார்கள். அதில் தோல்வி இல்லை, கற்பதற்கும் ஒன்றுமில்லை. சிலர் வெகுதூரம் போய் வீராப்பாக எறிவார்கள். விழுந்தால் அதிர்ஷ்டம். நல்ல தொழில்முனைவோர் பெரும்பாலும் நடுத்தரத் தூரத்தில் நிற்பார்கள், தவறினால் ஓரடி முன்னே வருவார்கள், விழுந்தால் ஓரடி பின்னே போவார்கள். விளையாட்டு முடிந்ததும் ஏன் அங்கே நின்றீர்கள் என்று பயிற்சியாளர் கேட்பார். அந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது.

பயிற்சி பெற்றவர்கள் அடுத்து வந்த ஆண்டுகளில், பெறாதவர்களைவிடத் தொழிலில் அதிகச் சுறுசுறுப்பு காட்டினார்கள் என்று மெக்லெலண்டும் டேவிட் வின்டரும் 1969-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார்கள். அதே காலத்தில் குஜராத் அரசு நிறுவனங்கள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துத் தொழிலில் நிறுத்தும் திட்டத்தைத் தொடங்கின. அதன் வளர்ச்சியாக 1983-இல் அகமதாபாதில் இந்தியத் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் பிறந்தது. தமிழ்நாட்டிலும் சென்னை கிண்டியில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இயங்குகிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென்றே வகுக்கப்பட்ட ‘நீட்ஸ்’ திட்டத்தில் மானியத்தோடு பயிற்சியும் சேர்ந்தே வருகிறது.

என் மனத்துக்கு மிக நெருக்கமான முன்மாதிரி வேறொன்று. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரே என்ற சிற்றூரில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து ‘ரூட்செட்டி’ என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. வேலையில்லாத கிராமத்து இளைஞர்களுக்குத் தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். அதன் வெற்றியைப் பார்த்த மத்திய அரசு, மாவட்டந்தோறும் வங்கிகள் இப்படியொரு நிலையம் நடத்த வழி செய்தது. தையல், கைபேசி பழுதுபார்த்தல், ஆடு வளர்ப்பு என்று குறுகிய காலப் பயிற்சிகள் அங்கே நடக்கின்றன. அந்த முறையில் நான் பெரிதும் மதிப்பது, பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு ஆண்டு அவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு. நகரத்தார் கடையில் மேலாள் செய்ததை இங்கே பயிற்சி நிலையம் செய்ய முனைகிறது. அந்தத் தொடர்கவனிப்பு வெறும் தொலைபேசி விசாரிப்பாகச் சுருங்கும் இடத்தில் பயிற்சியின் பலனும் சுருங்கிவிடுகிறது.

கையிருப்பிலிருந்து தொடங்குவது

தேர்ந்த தொழில்முனைவோர் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை நுணுக்கமாக ஆராய்ந்தவர் இந்தியாவில் பிறந்த சாரஸ் சரஸ்வதி. நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனின் மாணவி. பெரிய நிறுவனங்களை உருவாக்கிய 27 பேரிடம், கற்பனையான ஒரு பொருளைக் கொடுத்து, இதை வைத்து எப்படித் தொழில் தொடங்குவீர்கள், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டார். பாடநூல் சொல்வது போலச் சந்தையை ஆராய்ந்து, இலக்கு வைத்து, அதற்கு முதல் திரட்டும் வழியில் அவர்களில் பெரும்பாலோர் போகவில்லை. எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும், கையில் என்ன இருக்கிறது என்று தொடங்கினார்கள். எவ்வளவு லாபம் வரும் என்பதைவிட, எவ்வளவு போனால் தாங்குவேன் என்று பார்த்தார்கள். முதல் வாடிக்கையாளரையே கூட்டாளியாக்கப் பார்த்தார்கள். 2001-இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது.

இந்தச் சிந்தனைக்கு நம் மண்ணில் உயிருள்ள சான்று ஆர்.ஜி. சந்திரமோகன். படிப்பை இடையில் விட்டவர். 1970-இல் 13,000 ரூபாய் முதலோடு சென்னை ராயபுரத்தில் ஒரு சிறு இடத்தில் ஐஸ்கிரீம் தயாரிக்கத் தொடங்கினார். அதுதான் அருண் ஐஸ்கிரீம். சென்னைக் கடைகளில் பெரிய பெயர்கள் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தன. அவர் கல்லூரி விடுதிகளுக்குக் கொடுத்தார், பிறகு பெரிய பெயர்கள் எட்டிப் பார்க்காத சிற்றூர்களுக்குப் போனார். அங்கே கிடைத்த வலிமையோடு சென்னைக்குத் திரும்பினார். அந்தத் தொழில் இன்று ஹட்சன் அக்ரோ என்ற பெரும் பால்பொருள் நிறுவனம். போட்டி குறைந்த இடத்தில், தாங்கக்கூடிய அளவில் தொடங்கி, அங்கே கற்றதை வைத்து அடுத்த படிக்குப் போவது என்ற ஒழுங்கு அவருடைய பாதையில் தெளிவாகத் தெரிகிறது.

திட்ட அறிக்கையும் நோட்டுப் புத்தகமும்

வங்கிக்கு வரும் விண்ணப்பத்தோடு திட்ட அறிக்கை ஒன்று இருக்கும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று எல்லோரும் சொல்வது. ஆடிட்டர் அலுவலகத்தில் பணம் கொடுத்தால் தயாராகிவிடும். உற்பத்தித் திறனில் முதல் ஆண்டு 60 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 70, மூன்றாம் ஆண்டு 80 என்று பல அறிக்கைகளில் ஒரே ஏறுவரிசையைப் பார்ப்பேன். தொழில் ஊறுகாயாக இருந்தாலும் சரி, சிமெண்ட் செங்கல்லாக இருந்தாலும் சரி, எண்கள் மாறா.

பாக்குமட்டைத் தட்டுத் தயாரிக்கக் கடன் கேட்டு ஓர் இளைஞர் வந்தார். பொறியியல் படித்தவர், பயிற்சியும் முடித்தவர். இயந்திரத்தின் விலை பைசா சுத்தமாகத் தெரிந்திருந்தது.

“தம்பி, மட்டை எங்கேயிருந்து வரும்?” என்று கேட்டேன்.

“தோட்டத்துல வாங்கிக்கலாம் சார்.”

“எந்தத் தோட்டம்? மழைக்காலத்துல மட்டை கிடைக்குமா? ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்குமே, எங்கே அடுக்கி வைப்பீர்கள்?”

பதில் இல்லை. திட்ட அறிக்கையிலும் இல்லை. விண்ணப்பத்தை நான் நிராகரிக்கவில்லை. மேட்டுப்பாளையம் பக்கம் இந்தத் தொழில் நடக்கும் ஒரு பட்டறையில் கொஞ்ச காலம் கூலிக்கு வேலை பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒரு மட்டைக்கு என்ன விலை, அதில் எந்த அளவுத் தட்டு எத்தனை வரும், ஊறவைத்த மட்டையில் எவ்வளவு கிழிந்து வீணாகும், அச்சு சூடேற எவ்வளவு மின்சாரம், எந்த வியாபாரி எத்தனை நாள் கழித்துப் பணம் தருகிறார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். கோடையில் மட்டையை வாங்கி அடுக்கி வைக்கவே தனியாகப் பணம் வேண்டும் என்றும், அதனால் இயந்திரத்தைக் குறைத்துக்கொண்டு நடைமுறை மூலதனத்தைக் கூட்டிக் கேட்கிறேன் என்றும் சொன்னார். மொத்தக் கடன் முன்பு கேட்டதைவிடக் குறைவு. அந்த நோட்டுப் புத்தகத்தை நம்பித்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

கேட்பாரற்றுக் கிடக்கும் பாடநூல்கள்

தொழில் கற்க என்ன படிப்பது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பீட்டர் டிரக்கர் 1985-இல் எழுதிய ‘இன்னொவேஷன் அண்ட் ஆந்த்ரப்ரனர்ஷிப்’ இன்றும் படிக்கத் தக்கது. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். இவற்றைப் பலரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். பங்குச் சந்தைக்கு வரும் நிறுவனம் செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு விளக்க அறிக்கையைப் படியுங்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் இடர்க் காரணிகள் என்று நீண்ட ஒரு பகுதி இருக்கும். எங்கள் விற்பனையில் இத்தனை பங்கு சில வாடிக்கையாளர்களையே நம்பியிருக்கிறது, மூலப்பொருள் விலை ஏறினால் எங்களுக்கு இந்த ஆபத்து, எங்கள் மேல் இந்த வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன என்று நிறுவனமே தன் பலவீனங்களைச் சட்டத்துக்கு உட்பட்டுச் சொல்லியிருக்கும். மேடையில் எந்த முதலாளியும் சொல்லாததை அங்கே படிக்கலாம். நீங்கள் தொடங்க நினைக்கும் தொழிலில் உள்ள ஒரு நிறுவனத்தின் அறிக்கையை எடுத்து, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தால், அந்தத் தொழில் எங்கே உடையும் என்று தெரிந்துவிடும்.

அடுத்து ஆய்வு நிலையங்கள். தோலுக்குச் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், நூற்பாலைக்குக் கோவையில் சிட்ரா, உணவுப் பதனத்துக்கு மைசூரில் சி.எஃப்.டி.ஆர்.ஐ., நமக்கு இன்னும் அருகில் தஞ்சாவூரில் நிஃப்டெம். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகம் எல்லோருக்குமானது. பிறப்பால் அடைபட்ட வாசலை ஒரு நகரத்தாரே பொதுவுக்குத் திறந்துவிட்ட செயலாக நான் அதைப் பார்க்கிறேன். இந்த நிலையங்கள் பயிற்சி நடத்துகின்றன, மாதிரிகளைச் சோதித்துத் தருகின்றன, கண்டறிந்த தொழில்நுட்பத்தைக் கட்டணத்துக்கு வழங்குகின்றன. ஊறுகாய் ஏன் கெடுகிறது என்று தெரியாமல் நட்டப்படுபவருக்கும், அதற்கு விடை வைத்திருக்கும் ஆய்வகத்துக்கும் இடையே பேருந்தில் சில மணி நேரத் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சட்ட அறிவும் அப்படியே. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்குக் கூட்டு வட்டி சேரும். லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த பட்டறைகள் பாக்கி வசூலாகாமல் மூடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விதி அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் ஆர்டர் போய்விடுமே என்று அஞ்சி வாய் திறக்கவில்லை. சட்டத்தைக் கற்பிப்பதோடு, அதை உறவு கெடாமல் கேட்டு வாங்கும் சாமர்த்தியத்தையும் யாராவது கற்பிக்க வேண்டும். தொழிற்குடும்பத்துப் பிள்ளைக்கு அதைச் சித்தப்பா கற்பிக்கிறார்.

நம் பெண்கள் காட்டிய வழி

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு தமிழகமெங்கும் பரவின. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவறாமல் கடனைத் திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்கு என்ற ஐந்து நெறிகளின்மேல் அவை நடக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, யாருக்குக் கடன் கொடுக்கலாம், ஏன் கொடுக்கலாம் என்று பேசி முடிவெடுக்க, எழுதத் தெரிந்த ஒருவர் தீர்மானப் புத்தகத்தில் பதிய, எல்லோர் முன்னிலையிலும் பணம் எண்ணப்படுகிறது. சிறிய பொறுப்பு, எழுதிய கணக்கு, பார்த்துத் திருத்த ஆள் என்று நான் முன்பு சொன்ன மூன்றும் இங்கே இருக்கின்றன. பெட்டியடி மறுக்கப்பட்ட பெண்கள், சாதி கடந்து, தங்களுக்கென ஒரு பெட்டியடியை ஏற்படுத்திக்கொண்டார்கள். சேமிப்பிலும் கடனிலும் கைவந்த இந்த முறையைத் தொழில் நடத்துவதற்கும் நீட்டிப்பதே அடுத்த வேலை.

நாம் செய்யக்கூடியவை

இந்த மேடையிலிருந்து இவ்வூர்ப் பெரியோரிடமும் கல்லூரியிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் ஊர்த் தொழில்களின் வரலாற்றைத் தமிழில் எழுதுங்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கியது. உண்மை நிறுவனங்களின் சிக்கல்களை மாணவர் முன் வைத்து, நீங்களாக இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேட்பதே அதன் பாடமுறையாக வளர்ந்தது. அதன் ஒத்துழைப்போடு 1961-இல் அகமதாபாதில் வந்த ஐ.ஐ.எம்.மும் அதே வழியில் நடந்தது. நம் கடைவீதியின் சிக்கல்கள் அப்படித் தமிழில் எழுதப்படவில்லை. ஆண்டுக்கு ஒரு தொழிலை எடுத்து, உரிமையாளரின் இசைவோடு, வரவு செலவு எண்களோடு, மாணவர்கள் எழுதட்டும். மூடிய தொழில்களையும் எழுதுங்கள். ஓர் ஆலை ஏன் நின்றது என்பதை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் அந்த அறிவு யாருக்கும் கிடைக்காது.

இரண்டாவது, வேலை பார்த்துக் கற்கும் இடம் தாருங்கள். தொழில் தொடங்க விரும்பும் முதல் தலைமுறைப் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்களை, உங்கள் நிறுவனத்தில் ஆறு மாதம் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கொள்முதல், உற்பத்தி, வசூல், கணக்கு என்று நான்கு இடத்திலும் உட்காரவையுங்கள். போட்டிக்கு ஆள் வளர்ப்பதா என்ற தயக்கம் வரும். திருப்பூர் வளர்ந்ததே ஒருவரிடம் கற்றவர் அடுத்த தெருவில் கடை போட்டதால்தான். ஒருவர் தனியே வாங்கமுடியாத பெரிய ஆர்டரை ஊராகச் சேர்ந்து வாங்கும் வலிமை அப்படித்தான் வந்தது.

மூன்றாவது, மாதம் ஒரு மாலை கணக்குப் பார்க்கும் கூட்டம் நடத்துங்கள். ஓய்வு பெற்ற வங்கியாளர்கள், ஆடிட்டர்கள், வணிகர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். புதிதாகத் தொழில் தொடங்கியவர் தன் பேரேட்டோடு வரட்டும். இரண்டு ஆண்டு அவரோடு கூட இருங்கள். புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். இந்த மாதம் சரக்கு ஏன் தேங்கியது, இந்தப் பாக்கி ஏன் ஏறியது என்று கேளுங்கள். விருதுநகர்ப் பகுதி வணிகர்கள் தங்கள் வியாபாரத்தின்மேல் மகமை வைத்துப் பள்ளிகள் கட்டினார்கள். இன்று நான் உங்களிடம் பணம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு மாலையை மகமையாகக் கேட்கிறேன்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். ஊக்கம் தரும் பேச்சுகளைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்டது போதும் என்று ஒரு நாள் முடிவு செய்யுங்கள். தாங்கக்கூடிய சிறு தொகையில் எதையாவது வாங்கி விற்றுப் பாருங்கள். வரவையும் செலவையும் அன்றன்றே எழுதுங்கள். எழுதியதை விவரம் அறிந்த ஒருவரிடம் கூச்சமில்லாமல் காட்டுங்கள். எல்லோருக்கும் லாபம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தொழிலில் நட்டமும் உண்டு. சிறிய நட்டத்தில் கற்றவர் பெரிய நட்டத்திலிருந்து தப்புவார் என்பதை மட்டும் என் பணிக்காலம் முழுவதும் பார்த்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

தொழில் அறிவு சில குடும்பங்களின் சொத்தாக இருந்தது போதும். அது ஊர்ச் சொத்தாக வேண்டும். அதற்கு இந்தக் கல்லூரியும் இந்த ஊரும் முன்வந்தால், அந்த முதல் கணக்குப் பார்க்கும் கூட்டத்துக்கு நானும் ஒருவனாக வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.